மரண அறிவித்தல்காரர் வாசித்த காதல் கதை

என் கணவர் ஓட்டோவில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு, நாளைக்குக் காலையில் குழாயில் தண்ணீர் வராது என்று சொல்லிக்கொண்டு போனாலும், எங்கள் பக்கத்துச் சனம் வாசலுக்கு ஓடிவந்து "ஐயோ, ஆராம்?" என்றுதான் கேட்கும். தண்ணீர் என்ற சொல் அவர்கள் காதில் ஏறாது. குரல்தான் ஏறும். திருகோணமலையில் துறைமுகப் பக்கம் தொடங்கி உப்புவெளி மட்டும் யார் கண்ணை மூடினாலும் அதைத் தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டு போகிற குரல் அது.

அவர் வேலை செய்தது ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் கடையில். திருவிழா, கூட்டம், விளையாட்டுப் போட்டி எல்லாவற்றுக்கும் பெட்டிகளைக் கொண்டுபோய்க் கட்டிக்கொடுப்பார். ஆனால் நல்ல காரியத்துக்குக் கூப்பிடுகிறவர்கள் மைக்கை மட்டும் வாங்கிக்கொண்டு பேச வேறு ஆளைப் பிடித்துக்கொள்வார்கள். சொந்தக்காரருக்கு அவர் போன் எடுத்தால் மறுபக்கத்தில் முதலில் ஒரு அலறல் கேட்கும். அதனால் எங்கள் வீட்டில் போன் எடுக்கிற உத்தியோகம் எனக்கு. "ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை, சும்மாதான் எடுத்தனான்" என்று தொடங்கி, மற்றப் பக்கத்து நெஞ்சு ஆறிய பிறகுதான் கதைக்க வேண்டும். கண்டறியாத உத்தியோகம்!

இதையெல்லாம் அவர் சிரித்துக்கொண்டே பொறுத்துக்கொண்டார். முன்வீட்டு அக்கா சொன்னதைத்தான் அவரால் பொறுக்க ஏலாமல் போனது. அக்காவின் கணவர் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்தவர். பாரிசவாதம் வந்து, வாய் பேச முடியாமல், ஒரு கையை மட்டும் அசைத்துக்கொண்டு முன்னறைக் கட்டிலில் கிடந்தார். ஒருநாள் என் கணவர் எங்கள் கேற்றடியில் மீன்காரரோடு சூடை மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டு நின்றார். அக்கா தெருவைக் கடந்து வந்தார்.

"தம்பி, குறை நினைக்கப்படாது. வாசல்ல நிண்டு கதைக்காதைங்கோ. உங்கட குரலைக் கேட்டா இவர் நெஞ்சைப் பிடிக்கிறார்."

"ஓம் அக்கா," என்றார் இவர். மீனையும் வாங்காமல் உள்ளே வந்துவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்த வீட்டுக்குக் கறிக்கிண்ணம் அனுப்புவதை அன்றோடு நிறுத்தினேன். அவரோ வீட்டுக்குள்ளேயும் மெல்லிய குரலில் பேசத் தொடங்கினார். தேத்தண்ணி கேட்பதுகூட இரகசியம் சொல்வதுபோல இருந்தது. "உரத்துச் சொல்லுங்கோ, எனக்கென்ன செவிடே?" என்று கத்தினேன். அப்போதுதான் சொன்னார்: "இஞ்சேருமப்பா, ஒருத்தராவது என்ர குரலைக் கேக்க ஆசைப்பட வேணும். சாகிறதுக்கு முதல் ஒருக்கா. அவ்வளவுதான்."

அந்த நேரத்தில்தான் வெளிநாட்டிலிருந்து ஒரு பெண் போன் எடுத்தாள். எங்கள் ஊர்ப் பிள்ளை. காதல் கதைகள் எழுதுகிறவளாம். குச்சவெளிக்கு மாற்றலாகி வரும் ஒரு தாதிக்கும் ஐஸ் லொறி ஓட்டுகிற ஒருவனுக்கும் நடக்கிற கதையை எழுதியிருக்கிறாள். அதை யாராவது வாசித்து, சனம் காதால் கேட்கும் புத்தகமாகப் போட வேண்டுமாம். இந்த மண்ணின் குரல்தான் வேண்டுமாம். எங்கே கேட்டாள் இவர் குரலை? தன் பெரியம்மாவின் செத்தவீட்டுக்கு வந்திருந்தபோது!

"அண்ணை, முதல் அத்தியாயத்தை வாசிச்சு அனுப்புங்கோ. கேட்டுப்போட்டுச் சொல்லுறன்," என்றாள். முழுக் கதையையும் தாளில் அடித்து, பேசுவதற்கு ஒரு நல்ல மைக்கும் சேர்த்து அனுப்பினாள். இவர் மைக்கைக் கையில் எடுத்து, துணியால் துடைத்து, திரும்பப் பெட்டிக்குள் வைத்து, மறுபடியும் எடுத்தார்.

எங்கள் படுக்கையறையை ஸ்டூடியோ ஆக்கினோம். யன்னலுக்கு மெத்தையைச் சாத்தி, அலுமாரிக் கதவைத் திறந்து, என் சீலைகளுக்கு நடுவில் மைக்கைத் தொங்கவிட்டு, அதற்கு முன்னால் ஒரு கதிரை. துணி சத்தத்தைக் குடிக்குமாம். காற்றாடி போடக்கூடாது. நான் வீட்டில் சட்டை தைத்துக் கொடுக்கிறவள். என் மெஷினும் ஓடக்கூடாது. மத்தியானம் சாப்பிட்டுச் சனம் கண்ணயர்கிற நேரந்தான் தோது. அந்த நேரம் பார்த்துப் பாண் விற்கிற ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு வரும். அது போனால் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதும். அதுவும் ஓய்ந்தால், எங்கள் ஊர்த் தெருவில் ஆடுமாடு மாதிரித் திரிகிற மான் ஒன்று வந்து எங்கள் கழிவு வாளியை உருட்டும். மானை விரட்டுவது என் பொறுப்பு.

முதல் நாள் அவர் வாசித்தார். "அவள் பஸ்ஸிலிருந்து இறங்கினாள். கடற்காற்று அவள் கூந்தலைக் கலைத்தது." வேறொன்றும் இல்லை, இவ்வளவுதான் வசனம். ஆனால் ஒவ்வொரு வசனத்தின் கடைசியிலும் குரல் ஒரு படி இறங்கி, கனத்து, நின்றது. கூந்தலைக் கலைத்தது என்று அவர் முடித்தபோது, இதனை உற்றார் உறவினர் நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும் என்று மரண அறிவித்தலின் கடைசி வரி வரும் என்றே நான் காத்திருந்தேன். சிரிப்பை அடக்க ஏலாமல் தலையணையை வாயில் அமுக்கினேன். அவருக்குப் புகைந்தது.

"என்ன கொடுப்புக்குள்ள சிரிப்பு?"

"அந்தப் பிள்ளைக்கு எத்தனை மணிக்குக் கிரியை எண்டும் சொல்லிவிடுங்கோவன்."

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் அனுப்பியதைக் கேட்டுவிட்டு அந்த எழுதுகிற பிள்ளையும் அதையேதான் மரியாதையாகச் சொன்னாள். "அண்ணை, குரல் நல்லம். ஆனா கதாநாயகி செத்துப்போனா மாதிரிக் கிடக்கு. ஒருக்காத் திரும்ப அனுப்புங்கோ. சரிவராட்டி நான் வேற ஆளைத்தான் பார்க்க வேணும்." இன்னும் ஒரேயொரு தரம். அவர் முகம் செத்துப்போனதைப் பார்த்து என் சிரிப்பும் செத்தது. கத்திரிக்கோலை வைத்துவிட்டு, நானும் அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன்.

உள்ளதைச் சொன்னால், தாளில் அந்தக் கதை எனக்குப் பிடிக்கவே இல்லை. ஐஸ் லொறிக்காரன் சரியான அலட்டல். வாயைத் திறந்தால் அரைப்பக்கம் பேசுவான். அந்தப் பிள்ளைக்கு வேறு ஆள் கிடைக்கவில்லையா என்றுதான் எனக்கு எரிச்சல் வந்தது. இப்படியொரு ஆளை எந்தக் குரல் வந்து காப்பாற்றப் போகிறது என்று பார்க்க எனக்கே ஆவலாக இருந்தது.

முதலில் அவர் தாதிக்கு என்று ஒரு பெண் குரல் எடுத்தார். ஐயோ கடவுளே! பூனையின் வாலை மிதித்தால் வருகிற சத்தம் அது. "அவள் தாதியே, பேயே?" என்று கேட்டேன். பிறகு ஐஸ் லொறிக்காரனுக்கு நெஞ்சை நிமிர்த்தி முழங்கினார். அது கட்சிக் கூட்டம். இரண்டையும் விட்டுவிட்டுச் சும்மா கொஞ்ச நேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, தன் சொந்தக் குரலிலேயே தொடங்கினார்.

லொறிக்காரன் தாதியிடம், "நீங்கள் இல்லாவிட்டால் எனக்கு இந்தக் கடற்கரையே வேண்டாம்" என்று சொல்கிற இடம் வந்தது. தாளில் அதற்கு மூன்று ஆச்சரியக்குறி போட்டிருந்தது. இவர் அதை, சோற்றுக்கு உப்புக் கேட்கிறவர் மாதிரி, தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். சொல்லிவிட்டு, ஏன் சொன்னோம் என்று கூச்சப்பட்டவர் போல அடுத்த வசனத்துக்கு ஓடிப்போனார். அந்த அலட்டல்காரன் ஒரே நிமிடத்தில் வெட்கப்படுகிற மனுஷனாகிவிட்டான். தாளில் ஒரு எழுத்துக்கூட மாறவில்லை!

"ஏன் அப்பிடி மெல்லமாச் சொன்னீங்கள்?"

"உரத்துச் சொன்னா சனம் நிண்ட இடத்திலேயே நிண்டு கேக்கும். மெல்லமாச் சொன்னா கிட்ட வரும்," என்றார்.

அதற்குப் பிறகு அவர் பழக்கத்துக்காக முழுக் கதையையும் வாசிக்கத் தொடங்கினார்; எனக்கும் இது ஒரு பைத்தியமாகப் பிடித்தது. அவர் வாசிக்க முதலே தாளைத் திருட்டுத்தனமாக வாசித்து, எந்த இடத்தில் நிறுத்துவார், எந்தச் சொல்லை அமுக்குவார் என்று எனக்குள் பந்தயம் வைப்பேன். ஒருநாளும் வெல்லவில்லை. எழுத்தாளர் புள்ளி புள்ளியாகப் போட்டு நிறுத்தச் சொன்ன இடத்தில் இவர் நிற்கமாட்டார். ஒன்றுமில்லாத இடத்தில் நிற்பார். பஸ் நிலையத்தில் இரண்டு பேரும் பிரிகிற கட்டம் ஒன்று இருந்தது. அரைப்பக்கம் கண்ணீர். இவர் அந்தக் கண்ணீரையெல்லாம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட அவசரத்தோடு கடகடவென்று வாசித்துக்கொண்டு போனார். பிறகு, "பஸ் போய்விட்டது" என்றார். நின்றார். மூச்சுக்கூட விடவில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இதிலே அழ என்ன இருக்கிறது என்று எனக்கே கோபம். தாளைப் பறித்து அதே வசனத்தை நான் வாசித்துப் பார்த்தேன். பஸ் போய்விட்டது. போனால் போகட்டும், அடுத்த பஸ் வரும். கண்ணில் ஒன்றும் வரவில்லை.

"நீங்கள் அழாமல் வாசிக்கிறீங்கள், எனக்கு அழுகை வருது. இது என்ன மாயம்?"

"மாயமும் இல்லை, மண்ணும் இல்லை. செத்தவீட்டு அறிவித்தல் சொல்லேக்க நான் அழலாமே? நான் அழுதால் வீட்டுக்காரர் எப்ப அழுகிறது? அவைக்குக் கொஞ்ச இடம் விட வேணும்." சொல்லிவிட்டு, இதைப்போய்ச் சொன்னேனே என்று முகத்தைச் சுருக்கினார். அந்தத் தொழிலின் வாசம் இந்த அறைக்குள் வரக்கூடாது என்று அவருக்கு.

தாதியின் குரல்தான் எனக்குப் பிடிபட நாள் சென்றது. லொறிக்காரன் ஒரு நல்ல பாரை மீனைக் கொண்டுவந்து நீட்டுகிறான். "வேண்டாம்," என்றாள் அவள் கோபமாக, என்று தாளில் இருந்தது. இவர் அந்த "வேண்டாம்" என்பதைக் கொஞ்சம் பிந்திச் சொன்னார். பாதி வாங்கிவிட்ட வேண்டாம் அது. எங்கேயோ கேட்ட வேண்டாம்.

"கோபமாக எண்டெல்லே போட்டிருக்கு?"

"கோபம்தான். நான் புதுச்சீலை எடுத்துக்கொண்டு வந்தால் நீர் ஒரு 'வேண்டாம்' சொல்லுறனீர். அந்தக் கோபம்."

எனக்குக் காதெல்லாம் சுட்டது. அட பாவி மனுஷா! திருப்பிப் போட்டுக் கேட்டேன். அந்தத் தாதி முழுக்க நான்தான். "சரி, சாப்பிடுங்கோ" என்று அவள் சொல்வது, சண்டை முடிந்து முதல் வாய் திறக்கிற என்னுடைய "சரி, சாப்பிடுங்கோ". லொறிக்காரனைத் திட்டுவது நான் திட்டுவது. இத்தனை வருடமும் இந்த மனுஷன் பேப்பருக்குள் முகத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை என்று நினைத்திருந்தேன். ஒரு மூச்சு விடாமல் கேட்டிருக்கிறார். உலகம் முழுக்க என் சண்டையைக் கேட்கப்போகிறதே என்று வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. மானை விரட்டுகிற சாட்டில் வெளியே போய் நின்றேன்.

இரண்டாவது தரம் அனுப்ப முதல் வேறு ஒரு காது வேண்டும் என்றார். எனக்குப் பிடித்தது கணக்கில் வராதாம். யாரிடம் கொடுப்பது? சொந்தக்காரர் குரலைக் கண்டுபிடித்து அலறுவார்கள். நான் யோசிக்கவே இல்லை. அவர் குளிக்கப் போன நேரம், முன்வீட்டு அக்காவின் போனுக்கு அந்த முதல் அத்தியாயத்தை அனுப்பிவிட்டேன். "ஒரு காதல் கதை அக்கா, பொழுது போகக் கேளுங்கோ." யார் வாசித்தது என்று சொல்லவில்லை.

குளித்துவிட்டு வந்தவரிடம் அதைச் சொன்னதும் பதறிப்போனார். "உமக்கென்ன விசரே? அந்த மனுசனுக்கு ஏதும் நடந்தால்?" அவர் சொல்லி வாய் மூடவில்லை, முன்வீட்டு யன்னலால் கதை கேட்கத் தொடங்கிவிட்டது. அக்கா நல்ல சத்தமாக வைத்திருந்தார். கட்டிலில் கிடப்பவரும் கேட்கட்டும் என்று வைத்திருக்கிறார். நாங்கள் இரண்டு பேரும் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றோம். இவர் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். பஸ் வந்தது. கூந்தல் கலைந்தது. லொறி வந்தது. கதை நிற்கவில்லை. அத்தியாயம் முடிந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு திரும்பவும் முதலிலிருந்து பஸ் வந்தது.

அடுத்த நாள் காலையில் அக்கா வந்தார். "பிள்ளை, மிச்சக் கதை எங்க? இவர் நேற்று முழுக்கக் கையைக் காட்டி, திரும்பப் போடு, திரும்பப் போடு எண்டு ஒரே கரைச்சல். வாசிக்கிற பெடியன் ஆர்? கலியாணம் முடிச்சிட்டாரே?"

"முடிச்சிட்டார் அக்கா. என்னைத்தான்."

அக்கா வாசற்படியில் அப்படியே குந்திவிட்டார். என்னைப் பார்த்தார், எங்கள் அலுமாரி அறைப் பக்கம் பார்த்தார். பிறகு எழுந்து, எங்கள் முற்றத்தில் நின்றே உள்ளே கூப்பிட்டார்: "தம்பி, வாசல்ல நிக்காமல் எங்கட வீட்டுக்கு வாங்கோ. மிச்சத்தை நீங்களே வந்து வாசியுங்கோ."

அதற்குப் பிறகு எல்லாம் நல்லபடியாக நடந்தது. எழுத்தாளருக்கும் பிடித்துவிட்டது. ஒவ்வொரு அத்தியாயத்தையும் இவர் முதலில் முன்வீட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து வாசிப்பார். அந்த மனுஷன் கட்டில் சட்டத்தில் விரலால் தட்டுகிற இடத்தைக் குறித்துக்கொண்டு வந்து, பிறகு அலுமாரிக்கு முன்னால் வாசிப்பார். புத்தகம் வெளிவந்தது. எங்கெங்கோ இருக்கிற பெண்கள் கேட்டுவிட்டு, இன்னும் வேண்டும் என்று எழுதினார்கள். அடுத்த கதையும் வந்தது. இவர் கடை முதலாளியிடம் போய், இனி மரண அறிவித்தலுக்குப் போகமாட்டேன், பெட்டி கட்ட மட்டும் வாறேன் என்று சொல்லிவிட்டு வந்தார். முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். இவர் கவலைப்படவில்லை. வீட்டில் பாட்டு முணுமுணுத்தார். தானே போன் எடுத்துச் சொந்தக்காரரோடு பேசினார். அலறினாலும் சிரித்தார்.

பிறகு ஒரு விடியக்காலையில் முன்வீட்டு மனுஷன் போய்ச் சேர்ந்தார்.

நான் ஓடிப்போனேன். அக்கா தலைமாட்டில் இருந்தார். என் கையைப் பிடித்து, "தம்பியை ஊருக்குச் சொல்லச் சொல்லு," என்றார்.

"அவர் இப்ப அறிவித்தலுக்குப் போறேல்லை அக்கா," என்றேன்.

"தெரியும். அறிவித்தல் குரலில வேண்டாம். கதை வாசிச்ச மாதிரிச் சொல்லச் சொல்லு. இவரை எல்லாரும் கட்டில்ல கிடக்கிற வருத்தக்காரன் எண்டுதான் பார்த்தவை. அப்பிடியே போகப்படாது."

வந்து சொன்னேன். அவர் அலுமாரிக்கு முன்னால் அந்தக் கதிரையில் இருந்தார். "நான் இதைச் சொன்னால் திரும்பவும் ஊருக்கு அந்தக் குரல்தான். இனி நான் எவ்வளவு காதல் வாசிச்சாலும் இவைக்குச் செத்தவீடுதான் கேக்கும்," என்றார். போகாதைங்கோ என்று சொல்லத்தான் எனக்கு ஆசை. அவ்வளவு பாடுபட்டவர். வாய் வரை வந்தது. அவர் எழுந்து வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு கடைக்கு நடந்தார்.

ஓட்டோ எங்கள் தெருவுக்குள் வந்து, இரண்டு வீட்டுக்கும் நடுவில் நின்றது. உள்ளே ஒப்பாரி பெரிதாக இருந்தது. மைக் ஒருமுறை உறுமியது. அவர் தொடங்கினார். பிறந்த இடம், வாழ்ந்த இடம், துறைமுகத்தில் செய்த வேலை. அவசரமில்லை. குரல் இறங்கவும் இல்லை. பிறகு அந்த வழக்கமான வரி. எத்தனை ஆயிரம் பேருக்கு அவர் ஒரே மூச்சில் சொல்லி முடித்த வரி.

"அன்னார், இந்த வீட்டில் இருக்கும் எங்கள் அக்காவின் அன்பு..."

நின்றார். ஒலிபெருக்கியில் காற்று மட்டும் கேட்டது. ஒப்பாரி ஒவ்வொன்றாக அடங்கியது. உள்ளே அக்கா தலையை நிமிர்த்துவது யன்னலால் எனக்குத் தெரிந்தது.

"...கணவர்," என்றார், மெல்லமாக. சோற்றுக்கு உப்புக் கேட்கிற அளவுதான்.

யாரும் ஓடிவந்து ஆர் என்று கேட்கவில்லை. தங்கள் தங்கள் கேற்றடியில், பல் விளக்கியபடியும் பிள்ளையைத் தூக்கியபடியும், முடியும் வரை அசையாமல் நின்றார்கள். மிச்சத்தையும் சொல்லிவிட்டு அவர் ஓட்டோவை மெதுவாக எடுக்கச் சொன்னார். அது அடுத்த சந்திப் பக்கம் திரும்பியது. அன்பு, கணவர் என்ற அந்த இரண்டு சொல்லையும் அங்கே எப்படிச் சொல்லப்போகிறார் என்று எனக்குக் கேட்க வேண்டும்போல இருந்தது. கேற்றைச் சாத்தாமலே பின்னால் நடந்தேன்.